மஞ்சளில் எழுத்து இருக்கக் கூடாது

"கருப்புன்னா கருப்புதானக்கா, அதுல என்ன சுத்தக் கருப்பு, கலந்த கருப்பு?" என்று போன மாதம் ஒரு பெண் போனில் கேட்டாள். செங்கோட்டையில் புதிதாக டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கைபேசியிலேயே வடிவமைத்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறாள். வந்த பத்திரிகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு நிழல். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். யாரோ என் பெயரைச் சொல்லி, அந்த அக்காவிடம் கேள் என்று அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். அவளிடம் நான் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

தென்காசியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். டைப் படித்தேன், கம்ப்யூட்டர் வந்தது, அதையும் ஆறு மாதம் படித்தேன், வேலை கிடைத்தது. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அச்சகம் மேலகரம் போகிற சாலையில் இருந்தது. முதலாளி தேவசகாயம் அண்ணாச்சி. ஒரு நிறம் மட்டும் அடிக்கும் மெஷின் ஒன்று உண்டு. கடையநல்லூர் காஜா பாய் அதை ஓட்டுவார். கலர் வேலை என்றால் அதே காகிதம் நான்கு தடவை மெஷினுக்குள் போய் வர வேண்டும். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சுத் தகடு.

நான் சேர்ந்த வருஷமே ஒரு லாட்ஜுக்கு வாடகை விவரக் கையேடு அடித்தோம். திரையில் கருப்பாகத் தெரிந்த எழுத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். திரை காட்டும் கருப்பு வேறு, மையின் கருப்பு வேறு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த எழுத்து நான்கு தகட்டிலும் பிரிந்து விழுந்திருந்தது. நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் கருப்பு. குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் எங்கள் ஊர்க் காகிதம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து நீண்டுவிடும். மஞ்சள் அடித்த காகிதம் வேறு, மறுநாள் நீலம் அடிக்கப் போகும்போது அது வேறு காகிதம். பொடி எழுத்தெல்லாம் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. லாட்ஜ் மேனேஜர் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக் கண்ணைக் கசக்கிவிட்டு, எனக்குக் கண் போய்விட்டதா, உங்களுக்கா என்று கேட்டார்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அவருக்குத் திட்டத் தெரியாது. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சாந்தா, இங்கன வா" என்று கூப்பிடுகிறவர், "வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கு இரண்டு அறை அறைந்தால்கூடத் தேவலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். அதை அந்தப் பொடி எழுத்தின்மேல் வைத்து, "பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். நீலமும் சிவப்பும் மஞ்சளும் கருப்பும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றன. கையேடு முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் சட்டம் ஒன்றுதான். எழுத்து எதுவானாலும் நீலம் பூச்சியம், சிவப்பு பூச்சியம், மஞ்சள் பூச்சியம், கருப்பு நூறு. வாய்ப்பாடு போல எனக்கு அது மனப்பாடமானது. வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பில் எழுத்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து இந்த நான்கு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நான்கு நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து நான்கு வெள்ளைத் தாளில் எடுக்க வேண்டும். முதல் மூன்று தாளில் படம் மட்டும் இருக்கலாம், எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான்காவது தாளில் மட்டும் எழுத்து. மூன்று தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நான்காவதன் பின்பக்கம் நான் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சி கேட்பார்: "மஞ்சள்ல எழுத்து இல்லையே? பாத்தியா?" பார்த்தேன் என்றால் அதற்குப் பிறகு அவர் பார்க்க மாட்டார். என் வாய்ச்சொல்லே போதும்.

பெரிய எழுத்துக்கும் அதே சட்டம்தான். இதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. போஸ்டர் தலைப்பு சாண் உயரம் இருக்கும். அது மயிரிழை விலகினால் எவன் கண்ணுக்குத் தெரியப் போகிறது? ஒற்றைக் கருப்பு காய்ந்தால் கொஞ்சம் வெளுத்துச் சாம்பல் தட்டும். அடியில் மற்ற மூன்று நிறமும் இருந்தால் கருப்பு அப்படியே கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமாக இருக்கும். இதைச் சொன்னபோது அண்ணாச்சி, எழுத்து கடைசி நிமிஷத்தில் மாறும், ஆள் பெயர் மாறும், தேதி மாறும், மாறினால் ஒரு தகட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். பிடிவாதக்காரக் கிழவர் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு போஸ்டரில் தலைப்பை நான்கு நிறத்திலும் வைத்தேன். காஜா பாய்க்கு மட்டும் தெரியும். நல்லா இருக்கு என்று சொன்னவரும் அவர்தான்.

நான் சேர்ந்து இருபதாவது வருஷம், ஆடி மாதம், மாடசாமி என்பவர் வந்தார். மேலகரத்துக்காரர். அவருடைய அக்கா பேச்சியம்மாளின் ஒரே மகன் இசக்கிமுத்து ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. இருபத்துநாலு வயது, செல்போன் கடையில் வேலை. அன்றைக்கு மதியம் அருவியில் திடீரென்று தண்ணீர் கூடி எல்லாரையும் வெளியேற்றியிருக்கிறார்கள். தண்ணீர் யாரையும் அடித்துக்கொண்டு போனதாக ஒருவரும் சொல்லவில்லை. பைக் நிறுத்துமிடத்தில் அவனுடைய வண்டி மட்டும் நின்றது. ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியாயிற்று, முகம் தெளிவாக இல்லை, கலரில் வேண்டும், அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒட்ட வேண்டும் என்றார். இசக்கிமுத்துவின் சிநேகிதன் ஒருவன் செய்துகொடுத்த கோப்பு கையில் இருந்தது. நீல முழுக்கைச் சட்டையில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

விவரம் சொல்லும் எழுத்தையெல்லாம் சுத்தக் கருப்புக்கு மாற்றினேன். "காணவில்லை" என்ற தலைப்பை மட்டும் மாற்றவில்லை. மறக்கவில்லை, மாற்றவில்லை. ஓடுகிற பஸ்ஸில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும், கனமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே நான்கு நிறத்தில் விட்டேன். அந்தத் தாய்க்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். நான்கு தாளையும் எடுத்தேன். மஞ்சள் தாளில், சிவப்புத் தாளில், நீலத் தாளில், மூன்றிலும் "காணவில்லை" இருந்தது. நான்காவதன் பின்னால் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி வழக்கம்போலக் கேட்டார். பார்த்தேன் என்றேன். அது பொய்யும் இல்லை.

தகடு சிவகாசியிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தது. சாரலில் மை காயவில்லை. மஞ்சள் அடித்து ஒரு ராத்திரி விட்டு, சிவப்பும் நீலமும் அடித்து மறுபடி ஒரு ராத்திரி விட்டு, வியாழக்கிழமை காலையில் கருப்புத் தகட்டை மாட்டக் காஜா பாய் எடுத்தபோது மாடசாமி வாசலில் வந்து நின்றார். செருப்பு இல்லை. வேட்டி முழங்கால்வரை சேறு.

"கெடைச்சுட்டான் அண்ணாச்சி" என்றார்.

ஆற்றோடு போய், கீழே ஒரு குளத்து மடையில் சிக்கியிருந்திருக்கிறான். நான்கு நாள் தண்ணீர். வெள்ளி அரைஞாணை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்களாம். பேச்சியம்மாளுக்குக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. சாயங்காலத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும், அவன் கூட்டாளிகள் கேட்கிறார்கள் என்று சொல்லி அழுதார்.

அண்ணாச்சி அவரை உட்காரவைத்து டீ வாங்கிவரச் சொன்னார். புதிதாக நான்கு தகடு எடுக்க நேரமில்லை, வேண்டியதும் இல்லை, படத்தின் மூன்று நிறம் விழுந்திருக்கிறது, கருப்பு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், அதை நாமே இங்கே எடுத்துக்கொள்ளலாம், முகத்தில் அச்சுப் புள்ளி கொஞ்சம் முரடாக விழும், பரவாயில்லை என்றார். இருபது வருஷமாக அவர் கட்டிக்காத்த சட்டம் அப்படி ஒரு நாளுக்குத்தான்.

காஜா பாய் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி அண்ணாச்சி முன்னால் மேஜைமேல் வைத்தார். பையனின் படத்துக்கு மேலே, பழுப்பு நிறத்தில், சாண் உயரத்தில் "காணவில்லை" என்று இருந்தது. அடுக்கில் இருந்த ஆயிரம் தாளிலும் அப்படித்தான்.

அண்ணாச்சி தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்தேன்னு சொன்னியளே" என்றார்.

ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் யோசனை சொன்னதும் நான்தான். தலைப்பு இருக்கிற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கருப்புப் பட்டை அடித்துவிடலாம், துக்கப் போஸ்டருக்குக் கருப்புப் பட்டை பொருத்தம்தான், கண்ணீர் அஞ்சலி என்பதைப் பட்டைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அண்ணாச்சி மாடசாமியைப் பார்த்தார். அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு அண்ணாச்சி உள்ளே போனார்.

பகல் இரண்டு மணிக்கு அடித்து முடித்தோம். ஈர மையில் பட்டை பளபளவென்று ஒரே கருப்பாக இருந்தது. பழுப்பு எழுத்து போன இடம் தெரியவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். காஜா பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "காயட்டும், பொறவு பேசுவோம்" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. சாண் உயர எழுத்தைக் கிணறு மாதிரி கருப்பாக்குவது எது என்று எனக்குத் தெரியாதா? புரிந்தும் புரியாததுபோலக் கட்டுக் கட்டி மாடசாமியிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் சாரல் விட்டு வெயில் அடித்தது. வேலைக்கு வரும்போது மேலகரம் பஸ் நிறுத்தச் சுவரில் பார்த்தேன். மை காய்ந்து பட்டை சாம்பல் தட்டியிருந்தது. அடியில் மூன்று நிறம் கிடந்த இடம் மட்டும் சாம்பல் தட்டவில்லை. கருப்புக்குள் அதைவிடக் கருப்பாக, தெளிவாக, "காணவில்லை" என்று எழும்பி நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பசை காயாமலிருந்த அந்த ஒன்றைக் கிழித்தேன். அடுத்த சுவரிலும் கிழித்தேன். பிறகு ரோட்டைப் பார்த்தேன். தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஒட்டியிருந்தது. இரண்டை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஆறாம் நாள் பேச்சியம்மாள் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மெலிந்த உடம்பு. துக்க வீட்டிலிருந்து வந்தும் நெற்றியில் பொட்டு இருந்தது. சண்டை போடப் போகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் போஸ்டரை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். என் மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் மடிப்பை நீவிவிட்டாள்.

"இத அடிச்சது நீங்கதானாம்மா?"

நான்தான் என்றேன்.

"கீழ அஞ்சலின்னு போட்டுருக்கு. மேல கருப்புக்குள்ள காணவில்லைன்னு போட்டுருக்கு. ரெண்டுல எதும்மா நிசம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தகடு நான்கு, நிறம் நான்கு, எழுத்து ஒன்றில் மட்டும் இருந்திருக்க வேண்டும், நான் நான்கிலும் விட்டுவிட்டேன், முதலில் அடித்ததை மறைக்கப் பார்த்தோம், மறையவில்லை, தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள்.

"நீங்க அழிக்கப் பாத்தும் அழியலல்லா? எம் புள்ள மூஞ்சிய எவனும் எனக்குக் காட்டல. அரைஞாணத்தான் காட்டுனானுவ. ஊருல எத்தன பேருக்கு வெள்ளி அரைஞாண் இருக்கு? இது ஒண்ணுதாம்மா நிசத்தச் சொல்லுது."

புதிதாக வேறு போஸ்டர் அடித்துத் தருகிறேன் என்றார் அண்ணாச்சி. அவள் இதுவே போதும் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் உட்காரவில்லை என்று மாடசாமி பிறகு சொன்னார். மகன் படத்துக்கு மாலை போடவிடவில்லை. திதி கொடுக்கவிடவில்லை. வருஷா வருஷம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் போய், எண்ணெய் தேய்க்கிறவர்களிடமும் சிப்ஸ் கடைக்காரர்களிடமும் போஸ்டரை விரித்துக் காட்டி, இவனைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். அஞ்சலி என்று போட்டிருக்கிறதே ஆச்சி என்பார்களாம். பட்டையைத் தொட்டுக் காட்டுவாளாம். நானே இரண்டு தடவை அவளை அங்கே பார்த்தேன். ஒரு தடவை ஒரு டீக்கடைக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் ஒளிந்துகொண்டேன்.

அண்ணாச்சி என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை. ஆனால் "பாத்தியா" என்று கேட்பதையும் விட்டுவிட்டார். நான் நான்கு தாளையும் கொண்டுபோய் வைத்தால் வாங்கி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் அவரே தூக்கிப் பார்ப்பார். சாகும்வரைக்கும் அப்படித்தான் பார்த்தார். "சாந்தா, இங்கன வா" என்று மறுபடி கூப்பிடவும் இல்லை. கடைசிவரை வாங்க, போங்கதான்.

அண்ணாச்சிக்குப் பிறகு அவர் மகன் புது டிஜிட்டல் மெஷின் வாங்கினார். அதில் தகடு கிடையாது. நான்கு நிறமும் ஒரே ஓட்டத்தில் விழும். எந்தக் கருப்பை அனுப்பினாலும் அது பாட்டுக்கு அடித்துத் தள்ளும். நான் மட்டும் பழக்கத்தில் நான்கையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று சின்ன முதலாளி கேட்பார். நான் அடுத்த தாளை எடுப்பேன்.

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தின மாதம் மாடசாமி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பேச்சியம்மாளின் ரேஷன் கார்டுப் படம்.

"அக்கா போயிட்டா" என்று உட்கார்ந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டினார். துயரில் வாடும் என்ற வரிக்குக் கீழே தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் இருந்தது. மேலே ஒரு வரி மட்டும் காலியாக விட்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்டேன்.

"எம் போஸ்டர்ல மொதப் பேரு எம் புள்ள பேருதான் இருக்கணும், அவன் பேருக்கு முன்னால 'காலமான'ன்னு போட்டா எங் கட்டை வேகாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. போட்டா ஊரு சிரிக்கும். போடலன்னா..." என்று நிறுத்தினார். "நீங்களே பாத்துப் போடுங்கம்மா. நா ஒண்ணும் சொல்லல."

அவர் வெளியே போய் நின்றுகொண்டார். நான் போஸ்டரை அமைத்தேன். கருப்புப் பட்டை வைக்கவில்லை. காலி விட்ட வரியில் பெயரை மட்டும் போட்டேன். அவன் செத்துப்போனான் என்று எனக்குத் தெரியும். பிறகு யாரும் கேட்காமலே நான்கு நிறத்தையும் பிரித்து நான்கு தாளில் எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளில் எழுத்து இல்லை. சிவப்பில் இல்லை. நீலத்தில் இல்லை. கருப்பில் மட்டும் இருந்தது, மகன் இசக்கிமுத்து என்று. தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன்.